காவிரிப் படுகையின் ஹீலியமும் மீக்கடத்தி முடுக்கிக் கூறுகளின் குளிர்ச்சோதனையும்

ஆய்வுச்சுருக்கம்

துகள் முடுக்கிகளில் பயன்படும் நயோபியக் குழிவறைகளைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி 2 கெல்வின் வெப்பநிலையில் சோதித்த பின்னரே முடுக்கியில் பொருத்துகின்றனர். இச்சோதனைக்குரிய குளிரூட்டும் அமைப்பு இயங்கும் முறையையும், அதற்கு வேண்டிய ஹீலியம் காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயுவில் கலந்திருப்பதையும், குத்தாலத்தில் அதனைப் பிரித்தெடுக்க மேற்கொள்ளப்பட்ட முன்னோட்ட முயற்சியையும் இக்கட்டுரை ஒருசேர விளக்குகிறது. எரிவாயுவில் ஹீலியத்தின் விழுக்காடு குறைவு என்பதை மட்டுமே கொண்டு அதனைக் கைவிடுவது பொருந்தாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: திரவ ஹீலியம், மீக்கடத்தி, நயோபியம், துகள் முடுக்கி, காவிரிப் படுகை, குத்தாலம், அதிராம்பட்டினம்

முன்னுரை

தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கோடியில், பாக் நீரிணையை ஒட்டி அமைந்த ஊர் அதிராம்பட்டினம். காவிரியின் கடைமடைப் பாசனம் இங்கு முடிந்து, உப்பளமும் அலை குறைந்த சேற்றுக் கடலும் தொடங்குகின்றன. கண்ணுக்குத் தெரியும் நிலம் வண்டல். அதற்குப் பல நூறு மீட்டர் முதல் சில ஆயிரம் மீட்டர் வரையிலான ஆழத்தில் கிடப்பது, தொன்மையான படிகப் பாறை. இவ்வடித்தளப் பாறை சமதளமாக இல்லை. பள்ளங்களும் அவற்றைப் பிரிக்கும் மேட்டுத்தொடர்களுமாக அது கிடக்கிறது. அதிராம்பட்டினத்திற்கு வடக்கே, பட்டுக்கோட்டையிலிருந்து மன்னார்குடி நோக்கிச் செல்லும் அத்தகைய புதையுண்ட மேட்டுத்தொடர் ஒன்று தஞ்சாவூர் உட்படுகையையும் நாகப்பட்டினம் உட்படுகையையும் பிரிக்கிறது. எண்ணெயும் எரிவாயுவும் தேடி நிலவியலாளர் வரைந்த படங்களில் இப்பெயர்கள் இடம்பெற்றுள்ளன.

டெல்டாவின் எரிவாயு குறித்துத் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் மீத்தேன் பற்றியவை. அதன் எதிர்ப்பும் ஆதரவும் பேசப்பட்ட அளவிற்கு, அவ்வாயுவில் கலந்து மேலெழும் ஹீலியம் பேசப்படவில்லை. அந்த ஹீலியத்தை நாடுவோர் யார், எதற்காக நாடுகின்றனர் என்பதை அறிய, நெல் வயலிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

குளிர் ஏன் தேவைப்படுகிறது?

மின்னேற்றம் பெற்ற துகள்களை முடுக்க, உலோகக் குழிவறைகளுக்குள் ரேடியோ அலைவெண் கொண்ட மின்புலம் நிறுத்தப்படுகிறது. குழிவறையின் உட்சுவரில் மின்னோட்டம் பாயும்போது சுவரின் தடை காரணமாக ஆற்றல் வெப்பமாகிறது. இவ்விழப்பின் அளவைக் குறிப்பது தரக் காரணி. செம்பால் ஆன குழிவறைக்கு இது பத்தாயிரம் என்ற அளவில் இருக்கும். தூய நயோபியத்தால் ஆன குழிவறையை 2 கெல்வினுக்குக் குளிர்வித்தால் ஆயிரம் கோடி என்ற அளவிற்கு உயரும். இடைவெளி பத்து லட்சம் மடங்கு.

நயோபியம் 9.2 கெல்வினிலேயே மீக்கடத்தி ஆகிவிடுகிறது. ஹீலியமோ இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் 4.2 கெல்வினில் கொதிக்கிறது. அவ்வாறாயின் 4.2 கெல்வினில் நிறுத்திக்கொள்ளலாமே, ஏன் 2 கெல்வின் வரை இறங்க வேண்டும் என்ற வினா எழும். நேர் மின்னோட்டத்திற்கு மட்டுமே மீக்கடத்தியின் தடை சுழியம். மாறும் மின்புலத்தில், இணைசேராத எலக்ட்ரான்கள் சிறிதளவு தடையைத் தருகின்றன. வெப்பநிலை குறையக் குறைய இத்தடை அடுக்குக்குறி வீழ்ச்சியில் குறைகிறது. அலைவெண்ணின் இருபடிக்கு ஏற்ப அது கூடவும் செய்கிறது. எனவே நூறு மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குழிவறைகளுக்கு 4.2 கெல்வின் போதும். புது தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தின் 97 மெகாஹெர்ட்ஸ் நயோபிய ஒத்ததிர்விகள் அவ்வெப்பநிலையிலேயே இயங்குகின்றன. 650 அல்லது 1300 மெகாஹெர்ட்ஸ் குழிவறைகளுக்கு அது போதாது.

குளிரின் விலை மலிவன்று. அறை வெப்பநிலையில் உள்ள ஒரு கருவி 2 கெல்வினிலிருந்து ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, கொள்கையளவிலேயே 149 வாட் செலவிட வேண்டும். நடைமுறையில் இது எழுநூறு முதல் ஆயிரம் வாட் வரை ஆகிறது. அவ்வளவு செலவிட்டும் செம்பைக் காட்டிலும் நயோபியம் இலாபகரமாக அமைகிறது என்றால், மேற்சொன்ன பத்து லட்சம் மடங்கு இடைவெளியே அதற்குக் காரணம்.

செங்குத்துச் சோதனை அமைவு

குழிவறை ஒவ்வொன்றும் தகடு வெட்டி, வடிவில் அழுத்தி, வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றையால் பற்றவைத்து, அமிலத்தால் உட்பரப்பு நீக்கி, மீத்தூய நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவி உருவாக்கப்படுகிறது. இவ்வளவிற்குப் பிறகும் தூசித் துகள் ஒன்று, பற்றவைப்பில் விழுந்த சிறு குழி ஒன்று, அதனைப் பயனற்றதாக்கிவிடலாம். வெளியிலிருந்து பார்த்து இதனை அறிய வழியில்லை. ஆகவே முடுக்கியில் பொருத்துவதற்கு முன் குழிவறையை மட்டும் தனியே எடுத்து, ஆழமான டேவார் கலம் ஒன்றில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, திரவ ஹீலியத்தில் முழுவதுமாக அமிழ்த்திச் சோதிக்கின்றனர். தரையில் கிணறு போல் இறங்கும் இக்கலத்திற்கு வெற்றிடச் சுவரும், திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட வெப்பத் திரையும், புவியின் காந்தப்புலத்தைத் தடுக்கும் உறையும் உண்டு. காந்தப்புலத்தைத் தடுக்காவிடில், குளிரும் வேளையில் அதன் ஒரு பகுதி நயோபியத்திற்குள் சிறைப்பட்டு நிரந்தரமான தடையைச் சேர்த்துவிடும்.

குளிர்விக்கும் வேகத்திற்கும் ஒரு கட்டுப்பாடு உள்ளது. அமிலச் சிகிச்சையின்போது நயோபியத்திற்குள் புகுந்த ஹைட்ரஜன், ஏறத்தாழ 75 முதல் 150 கெல்வின் வரையிலான இடைவெளியில் தங்க நேர்ந்தால், உலோகத்தோடு சேர்ந்து ஹைட்ரைடாகப் படிகிறது. இப்படிவுகள் தரக் காரணியைப் பாழாக்கும். இதனை ஆய்வாளர்கள் ஒரு நோய் என்றே பெயரிட்டு அழைக்கின்றனர். உயர் வெப்ப உலையில் சுட்டு ஹைட்ரஜனை முன்கூட்டியே வெளியேற்றுவது ஒரு மருந்து. ஆபத்தான இடைவெளியை விரைந்து கடப்பது மற்றொன்று. எனவே குளிரூட்டும் அமைப்பிற்குத் திறன் மட்டும் போதாது. வேண்டிய நேரத்தில் பெருமளவு குளிர் ஹீலியத்தைத் தரும் சேமிப்பும் வேண்டும்.

கலம் 4.2 கெல்வினில் நிரம்பியதும், வெற்றிட எக்கிகள் திரவத்தின் மேலுள்ள ஆவியை இழுக்கத் தொடங்குகின்றன. அழுத்தம் குறையக் கொதிநிலையும் குறைகிறது. ஏறத்தாழ 31 மில்லிபாரில் 2 கெல்வின் கிட்டுகிறது. தண்ணீர்ப் பானை தன் நீரில் ஒரு பங்கை ஆவியாக்கி எஞ்சியதைக் குளிர வைக்கும் அதே முறைதான் இது. ஆனால் இழப்பு கடுமையானது. தொட்டியிலிருந்த திரவத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது இவ்விறக்கத்திலேயே ஆவியாகிவிடுகிறது.

2.17 கெல்வினைக் கடக்கும்போது ஹீலியம் மீப்பாய்மம் ஆகிறது. அதுவரை குமிழியிட்டுக் கொதித்த திரவம் சட்டென அடங்கிவிடும். கொதித்தல் நின்றதன்று இதன் பொருள். திரவத்திற்குள் வெப்பம் மிக எளிதாகப் பரவுவதால், குமிழி தோன்றுவதற்கு இடமின்றி மேற்பரப்பிலேயே ஆவியாதல் நிகழ்கிறது. குமிழி இல்லாமை சோதனைக்கு நன்மை. மெல்லிய சுவருடைய குழிவறை அதிராமல் நிற்கும், அதன் ஒத்ததிர்வு அலைவெண் நிலைத்திருக்கும்.

இதன்பின் ரேடியோ ஆற்றலைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு மின்புல அளவிலும் தரக் காரணி அளக்கப்படுகிறது. ஒன்பது அறைகள் கொண்ட ஒரு மீட்டர் நீளமுள்ள 1300 மெகாஹெர்ட்ஸ் குழிவறை, மீட்டருக்கு 25 மெகாவோல்ட் மின்புலத்தில், ஆயிரம் கோடி தரக் காரணியோடு தொடர்ந்து இயங்கினால் ஏறத்தாழ 65 வாட் வெப்பத்தை ஹீலியத்தில் சேர்க்கும். தரக் காரணி பாதியானால் வெப்பம் 130 வாட் ஆகும். ஒரு வாட் வெப்பம் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட திரவ ஹீலியத்தை ஆவியாக்க வல்லது. ஆகவே தரம் குறைந்த குழிவறை ஒன்று சோதனைக் கூடத்தின் ஹீலியத்தையும் விரைந்து தின்றுவிடும்.

சுவரின் ஏதேனும் ஒரு புள்ளி 9.2 கெல்வினைத் தாண்டி வெப்பமடைந்தால் மீக்கடத்து நிலை முறிந்து, சேமித்த ஆற்றல் முழுவதும் நொடியின் மிகச் சிறு பங்கில் அங்கே கொட்டிவிடும். எந்தப் புள்ளி என்பதைக் கண்டறிய மீப்பாய்மமே உதவுகிறது. அதில் வெப்பம் அலையாகப் பரவும். இரண்டாம் ஒலி எனப்படும் இவ்வலை நொடிக்கு 20 மீட்டர் அளவிலான வேகத்தில்தான் நகர்கிறது. கலத்தில் பல இடங்களில் வைத்த உணரிகளை அது எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டு குறையுள்ள இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். குளிரூட்டவென ஊற்றிய திரவமே நோயறியும் கருவியாகவும் மாறுவது இத்துறையின் சுவையான பகுதிகளுள் ஒன்று.

திரவமாக்கும் நிலையம்

ஹீலியத்தை அழுத்தி ஒரு குறுகிய வழியில் விரிய விட்டால் அறை வெப்பநிலையில் அது குளிராது, சற்றே சூடாகும். ஏறத்தாழ 45 கெல்வினுக்குக் கீழே வந்த பிறகே ஜூல்–தாம்சன் விரிவு அதனைக் குளிர்விக்கும். எனவே அமுக்கியிலிருந்து வரும் வாயுவை முதலில் திரவ நைட்ரஜன் கொண்டு 80 கெல்வினை ஒட்டிக் குளிர்வித்து, பின்னர் அதிவேகமாகச் சுழலும் விரிவுச் சுழலிகளில் வேலை செய்ய வைத்து ஆற்றலைப் பறித்து, இறுதியாகவே ஜூல்–தாம்சன் அடைப்பிதழ் வழியே விடுகின்றனர். இடையிடையே வெப்பப் பரிமாற்றிகள், திரும்பி வரும் குளிர்ந்த ஆவியின் குளிரை வீணாக்காமல் உள்ளே செல்லும் வாயுவுக்கு மாற்றுகின்றன.

இங்குத் தூய்மை இன்றியமையாதது. 4 கெல்வினில் ஹீலியம் தவிர வேறு எந்தப் பொருளும் வாயுவாகவோ திரவமாகவோ இராது. நைட்ரஜன் 63 கெல்வினிலேயே உறைந்துவிடும். எண்ணெய்த் துளி, ஈரம், காற்று என எது நுழைந்தாலும் பனிக்கட்டியாகிப் பரிமாற்றியின் நுண்வழிகளை அடைக்கும், சுழலியைச் சிதைக்கும். பலூனுக்குப் போதுமான 99 விழுக்காட்டு ஹீலியம் இந்நிலையத்திற்கு அழுக்கு வாயு. குத்தாலத்தைப் பற்றிப் பேசும்போது இச்செய்தி மீண்டும் வேண்டியிருக்கும்.

சோதனை முடிந்ததும் ஆவியான ஹீலியம் வெளியே விடப்படுவதில்லை. குழாய்வழி பெரிய வாயுப்பைகளுக்குச் சென்று, அங்கிருந்து உருளைகளில் உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்டு, தூய்மையாக்கப்பட்டு, மீண்டும் திரவமாக்கப்படுகிறது. ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 750 லிட்டர் வாயுவாக விரிவதால் இவ்வேற்பாட்டிற்கு இடம் நிறைய வேண்டும். விபத்தில் கசிந்தால் அறையின் காற்றை வெளியேற்றி மூச்சுத்திணறலை உண்டாக்கும் ஆபத்தும் உண்டு. ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள முடுக்கியில், 2008 செப்டம்பர் 19 அன்று ஒரு மின் இணைப்பு பழுதானபோது ஏறத்தாழ 6 டன் ஹீலியம் சுரங்கத்திற்குள் வெளியேறியது.

இந்தியாவில் இத்துறை

இந்திய மண்ணோடு ஹீலியத்தின் தொடர்பு அதன் கண்டுபிடிப்பிலேயே தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென்னும், மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னை வானாய்வகத்தின் போக்சனும் நிறமாலைமானி கொண்டு நோக்கினர். சூரியப் பிழம்புகளில் தெரிந்த மஞ்சள் கோடு பின்னர் லாக்யரால் புதிய தனிமத்திற்குரியது எனக் கருதப்பட்டது. 1908இல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தை முதன்முறையாகத் திரவமாக்கினார். அவர் பயன்படுத்திய வாயு மோனசைட் மணலைச் சூடாக்கிப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அதே கனிமம் கண்டறியப்பட்டது. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், 1950களின் தொடக்கத்தில் இந்தியாவில் திரவ ஹீலியம் தயாரிக்கப்படலாயிற்று.

இன்று முடுக்கிக் கூறுகளின் குளிர்ச்சோதனையில் முன்நிற்பது இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம். ஐரோப்பிய முடுக்கிக்காக இந்தியா வழங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீக்கடத்தித் திருத்தக் காந்தங்களை உருவாக்கும் பணியில் பங்கேற்ற இம்மையம், அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தோடு இணைந்து செங்குத்துச் சோதனை அமைவையும், கவசம் பூட்டிய குழிவறைகளுக்கான கிடைமட்டச் சோதனை அமைவையும் நிறுவியது. கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் தன் மீக்கடத்தி சைக்ளோட்ரானின் கம்பிச்சுருளைத் திரவ ஹீலியத்தில் குளிர்விக்கிறது. அம்மையத்திற்கு ஹீலியம் ஏட்டளவுத் தேவையன்று என்பதால், உள்நாட்டில் அதனைத் தேடும் முயற்சியும் அங்கிருந்தே தொடங்கியது. முதலில் மேற்கு வங்கத்தின் பக்ரேஷ்வர் வெந்நீரூற்று. அங்கு மேலெழும் வாயுவில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் ஹீலியம் உண்டு, ஆனால் வாயுவின் அளவு சொற்பம். அடுத்துக் குத்தாலம்.

குத்தாலம்

பூமிக்கடியில் உள்ள ஹீலியம் கதிரியக்கத்தின் விளைபொருள். யுரேனியம் 238 ஈயமாக மாறி முடிவதற்குள் எட்டு ஆல்ஃபா துகள்களையும், தோரியம் 232 ஆறு ஆல்ஃபா துகள்களையும் உமிழ்கின்றன. ஒவ்வோர் ஆல்ஃபா துகளும் இரண்டு எலக்ட்ரான்களைப் பற்றி ஹீலியம் அணுவாகிறது. தொன்மையான பாறையில் பல கோடி ஆண்டுகளாகத் தோன்றிய இவ்வணுக்கள் வெடிப்புகளின் வழியே மேலெழுந்து, மீத்தேனைத் தடுத்து நிறுத்திய அதே களிப்பாறை மூடிகளின் கீழ் அகப்பட்டுக்கொள்கின்றன. மீத்தேனை உண்டாக்கியது உயிரினங்களின் எச்சம். ஹீலியத்தை உண்டாக்கியது கல். பிறப்பால் தொடர்பில்லாத இரண்டும் ஒரே அறையில் தங்கியிருப்பது பொறியமைப்பின் தற்செயல்.

இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள குத்தாலத்தில், எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் வாயுச் சேகரிப்பு நிலையத்தில், கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்தின் அறிவியலாளர்கள் முன்னோட்ட நிலையம் ஒன்றை அமைத்தனர். அதன் முடிவுகள் 2008இல் வெளியாயின. அங்குள்ள எரிவாயுவில் ஹீலியம் 0.06 விழுக்காடு. அதாவது பத்தாயிரம் பங்கில் ஆறு பங்கு. இதனை ஏறத்தாழ 99 விழுக்காட்டுத் தூய்மைக்கு உயர்த்த முடியும் என்பதை அந்நிலையம் காட்டியது.

கையாண்ட முறை அழுத்த ஊசல் பரப்புக்கவர்தல். நுண்துளைகள் நிறைந்த கரி, ஜியோலைட் போன்ற பொருள்கள் அடைத்த கோபுரத்தில் வாயுவை அழுத்தத்தோடு செலுத்தினால் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஜன் ஆகியவை அப்பரப்புகளில் ஒட்டிக்கொள்கின்றன. எதனோடும் ஒட்டாத ஹீலியம் முதலில் வெளியேறுகிறது. பிறகு அழுத்தத்தைக் குறைத்தால் ஒட்டியவை விடுபட்டு, கோபுரம் அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. வாயு முழுவதையும் கடுங்குளிருக்கு உட்படுத்திப் பிரிக்கும் வழக்கமான முறையைவிட இது எளிய வழி. மீத்தேன் வழக்கம்போல் மின்நிலையத்திற்குச் செல்லலாம். கிடைக்கும் 99 விழுக்காட்டு வாயுவை, முன்பு கூறியபடி, திரவ நைட்ரஜனில் குளிர்ந்த கரியின் வழியே மேலும் தூய்மையாக்கினால் குளிர்ப்பெட்டிக்கு ஏற்றதாகும்.

விழுக்காடும் அளவும்

ஹீலியம் 0.3 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அதனைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது என்று தொழில்துறையில் நெடுங்காலமாகக் கூறப்படுகிறது. இவ்வளவுகோலின்படி குத்தாலம் தோற்றுவிடும். ஆனால் உலகின் முதன்மையான ஹீலியம் வழங்கும் நாடுகளுள் ஒன்றான கத்தாரின் வடக்குப் புலத்தில் ஹீலியம் 0.04 விழுக்காடு மட்டுமே. ஏற்றுமதிக்காக இயற்கை எரிவாயு முழுவதும் அங்கே எப்படியும் திரவமாக்கப்படுவதால், திரவமாகாமல் எஞ்சும் வாயுவில் ஹீலியம் தானே செறிந்துவிடுகிறது. கட்டுப்படியாவதை முடிவு செய்வது விழுக்காடு மட்டுமன்று. வாயு ஏற்கெனவே எவ்வகையில் கையாளப்படுகிறது என்பதும், ஹீலியத்தின் விலையும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன. 2017இல் அண்டை நாடுகள் கத்தாரின் எல்லைகளை அடைத்தபோது அதன் ஹீலியம் ஏற்றுமதி சிறிது காலம் நின்றது. ஏறத்தாழ முழுவதையும் இறக்குமதியாகவே பெறும் இந்தியாவின் ஆய்வுக்கூடங்கள் அத்தகைய நிகழ்வுகளுக்கு உடனே ஆட்படுகின்றன.

ஒரு தோராயக் கணக்கு: 0.06 விழுக்காடு எனக் கொண்டால் ஒரு லட்சம் கன மீட்டர் எரிவாயுவில் 60 கன மீட்டர் ஹீலியம் இருக்கும். திரவமாக்கினால் 80 லிட்டர். குத்தாலத்தின் 101 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் முழுத் திறனில் இயங்கினால் நாளொன்றுக்கு ஐந்து லட்சம் கன மீட்டர் அளவிலான வாயு தேவைப்படும். அவ்வாயு முழுவதும் இதே விகிதத்தில் ஹீலியம் கொண்டிருந்து, அது முழுவதும் மீட்கப்பட்டால் நாளுக்கு 400 லிட்டர் திரவ ஹீலியம். ஆண்டிற்கு 300 நாள் எனக் கொண்டால் 15 டன். இது மேல்வரம்பு. நடைமுறையில் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும். எனினும், பயன்படுத்திய ஹீலியத்தையே மீட்டு மீட்டுச் சுழற்றும் ஒரு சோதனைக் கூடத்திற்குப் புதிதாக வேண்டியது கசிவால் இழக்கும் பங்கு மட்டும்தான். அந்தப் பங்கின் முன் இவ்வளவு சிறியதன்று.

மின்நிலையத்தில் மீத்தேன் எரிகிறது, ஹீலியம் எரிவதில்லை. புகைபோக்கி வழியே காற்றில் கலக்கிறது. காற்றில் ஹீலியத்தின் பங்கு பத்து லட்சத்தில் ஐந்து. அங்கிருந்து அதனை மீட்பது பெருஞ்செலவு. புவியீர்ப்பிலும் அது நிலைப்பதில்லை, மெல்ல விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. மன்னார்குடி வட்டத்துத் திருமக்கோட்டையில் இயங்கும் எரிவாயு மின்நிலையத்திற்கும் இதே கேள்வியை எழுப்பலாம். அங்குச் செல்லும் வாயுவின் ஹீலியப் பங்கை அளந்து வெளியிடுவது பெரும் முதலீடு கோரும் பணியன்று. டெல்டாவின் கல்லூரி இயற்பியல், வேதியியல் துறைகள் ஏற்கத்தக்க பணி அது.

நிலமும் உரிமையும்

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஹீலியத்தின் அருமையைக் கூறி டெல்டாவில் புதிய கிணறுகளுக்கு வாதிட முடியாது. 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் எழுப்பிய எதிர்ப்பு நீரையும் மண்ணையும் பற்றியது. அறிவியல் தேவை என்ற சொல் அவ்வச்சத்திற்கு விடையாகாது. 2020இல் தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் உள்ளிட்ட பகுதிகளில் எண்ணெய், எரிவாயுவுக்கான புதிய ஆய்வுப் பணிகளைத் தடை செய்தது. சட்டத்திற்கு முன்பிருந்தே நடைபெறும் பணிகளை அது நிறுத்தவில்லை. பட்டுக்கோட்டை மேட்டுத்தொடரும் அதிராம்பட்டினக் கரையும் இத்தடைக்குட்பட்ட நிலமே. ஆகவே அங்கே ஹீலியம் தேடித் துளையிடுவது ஆய்வுக்குரிய கேள்வியாக இன்று இல்லை.

எஞ்சுவது குறுகிய கேள்வி. ஏற்கெனவே மேலே வந்துவிட்ட வாயுவில், எரிக்கப்படுவதற்கு முன் ஹீலியத்தைப் பிரிப்பதா, இல்லையா? இதற்குப் புதிய கிணறு வேண்டாம், கூடுதல் நிலம் மிகச் சிறிதளவே வேண்டும். ஆனால் காலம் ஒரு பக்கமாகவே ஓடுகிறது. இப்போதைய கிணறுகள் வற்றுகின்ற ஒவ்வோர் ஆண்டும் அவற்றோடு வந்த ஹீலியமும் எரிவாயுக் குழாயின் மறுமுனையில் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இந்தூரின் சோதனைக் கலத்தில் அடுத்த குழிவறை இறங்கும்போது அதனைச் சூழும் ஹீலியம் கடல் கடந்து வந்ததாகவே இருக்கும்.